ப்ரோட்டீன் சிந்தசிஸ் ஸ்டார்ட் ஆவுறத மனப்பாடம் பண்ணாம படிக்கிறது எப்படி

தண்டையார்பேட்டைல மொட்டமாடில சாயங்காலம் பசங்களுக்கு பயாலஜி சொல்லித் தரேன், இந்த சாப்டர் வந்தாலே எல்லாம் திருதிருன்னு முழிக்குதுங்க, ஏன்னா இஐஎஃப்னு (நியூக்ளியஸ் இருக்கற நம்ம மாதிரி செல்லுல இந்த வேலைய தொடங்கி வைக்கிற ப்ரோட்டீனுங்க) ஆரம்பிக்கிற பேரே ஒரு டஜன் இருக்கு. பேரெல்லாம் அப்பறம். மொதல்ல பேப்பர்ல ஒரு ஷேர் ஆட்டோ போடு, அதான் இஐஎஃப்2.

சவாரி யாரு? மெத்தியோனின (மொதல் அமினோ ஆசிட்) தூக்கிகினு வர்ற இனிஷியேட்டர் டிஆர்என்ஏ. ஆட்டோவுக்கு கேஸ் ஜிடிபி, அதுவும் மூணு பாஸ்பேட் இருக்கறது (ரெண்டு பாஸ்பேட் இருக்கறதையும் தமிழ்ல எழுதினா அதே ஜிடிபிதான், பாதி கொழப்பம் இங்கதான், நோட்ல பக்கத்துல 3, 2ன்னு போட்டுக்கோ).

ஆட்டோ போய் 40எஸ் (ப்ரோட்டீன் செய்யற மெஷினான ரைபோசோமோட சின்ன பாதி) மேல குந்தும். அங்க இஐஎஃப் குடும்பத்து 4ஈ, எம்ஆர்என்ஏவோட (ப்ரோட்டீனுக்கான செய்தி இருக்கற ஆர்என்ஏ) கேப்ப, அதாவது முன்முனைல இருக்கற தொப்பிய, புடிச்சிக்கும், 4ஏ முடிச்ச அவுக்கும், 4ஜி எல்லாரையும் சேத்து கட்டும். அப்பறம் 40எஸ் அஞ்சு பிரைம் பக்கத்துலேந்து (கேப் இருக்கற முனை) ஏயூஜிய (தொடங்குன்னு சொல்ற மூணு எழுத்து) தேடிகினே போவும், அதுக்கு மூணு எழுத்து முன்னாடி ஏ இல்லனா ஜி இருந்தா கரெக்டா நிக்கும், இதத்தான் கோசாக் சீக்வென்ஸ்னு சொல்றாங்க. சவாரி எறங்கிடும், ஒரு பாஸ்பேட் காலி, ஆட்டோ கெளம்பிடும், 60எஸ் (பெரிய பாதி) வந்து ஒட்டினா 80எஸ் (முழு ரைபோசோம்) ரெடி. பாக்டீரியாவுல கேப்பே கெடையாது, ஷைன் டால்கார்னோதான் (எம்ஆர்என்ஏல ரைபோசோம் ஒட்டற சீக்வென்ஸ்), அத இதோட கலக்காத.

இப்போதான் மேட்டரே. காலி ஆட்டோ திரும்ப கேஸ் போடணும்ல, அந்த பங்க் பேரு இஐஎஃப்2பி. ஆட்டோ நெறைய, பங்க் கம்மி. அமினோ ஆசிட் இல்லனா ஜிசிஎன்2, வைரஸோட டபுள் ஸ்ட்ராண்ட் ஆர்என்ஏ வந்தா பிகேஆர், ஹீம் கொறஞ்சா எச்ஆர்ஐ, ஈஆர்ல (செல்லுக்குள்ள ப்ரோட்டீன் மடியற எடம்) சரியா மடியாத ப்ரோட்டீன் சேந்துட்டா பெர்க், இந்த நாலு பேரும் பாஸ்பேட் ஒட்டற என்சைமுங்க, செய்யறது ஒரே வேலதான், இஐஎஃப்2வோட ஆல்ஃபா சப்யூனிட்ல (அதோட ஒரு துண்டு) 51ஆவது அமினோ ஆசிட்டான செரீன்ல பாஸ்பேட்ட ஒட்றது. ஒட்டின ஆட்டோ பங்க்ல கேஸும் போடாம நகரவும் நகராம வழிய அடச்சிகினு நிக்கும், அதனால எல்லா ஆட்டோலயும் ஒட்ட வேணாம், கொஞ்சத்துல ஒட்டினாலே சவாரி ஏத்த ஆட்டோ கெடைக்காம ப்ரோட்டீன் தயாரிப்பு படுத்துடும்.

இப்படி எல்லாம் கொறையறப்பவும் ஏடிஎஃப்4ங்கற ப்ரோட்டீன் (இந்த மாதிரி கஷ்டத்துல ஜீன்கள ஆன் பண்றது) மட்டும் எப்படி ஏறுதுன்னு கேப்பாங்க. அந்த எம்ஆர்என்ஏவுல முன்னாடியே ரெண்டு குட்டி ஓஆர்எஃப் (ரைபோசோம் படிக்கிற பகுதி) இருக்கு, மொதல் ஒண்ண முடிச்ச 40எஸ் அடுத்த ஆட்டோவுக்காக காத்துகினே நடக்கும், ஆட்டோ சீக்கிரம் வந்தா ரெண்டாவதுல மாட்டிக்கும், ஆட்டோ கம்மியாகி லேட்டா வந்தா அத தாண்டிப் போயி நேரா ஏடிஎஃப்4ல தொடங்கும். இத படம் போட்டு, பக்கத்துல யாருக்காவது வாய்விட்டு ஒருதபா சொல்லிப் பாரு, எங்க திக்குதோ அத மட்டும் திரும்ப படி.

எம்டார்ங்கற இன்னொரு என்சைம் 4ஈ-ய கண்ட்ரோல் பண்ற கத தனி, அதுக்கு வேற பேப்பர் எடு.