கட்டடக் கட்டைகளை மரத்தின் கனத்தைக் கொண்டு அளந்து அறுக்கச் சொல்லுங்கள்

குழந்தைகள் கட்டடம் கட்டி விளையாட விலை உயர்ந்த கட்டைப் பெட்டியை வாங்குவதற்குப் பதிலாக, சென்னையில் வியாசர்பாடி, கொருக்குப்பேட்டை பக்கத்து மரக்கடையில் 2-க்கு 1 ரீப்பரை (இரண்டு அங்குல அகலமும் ஓர் அங்குலக் கனமும் உள்ள நீண்ட மரச்சட்டம்) இழைக்கச் சொல்லி, அகலம் கனத்தின் இரு மடங்காகவும் நீளம் நான்கு மடங்காகவும் வருமாறு அறுத்து வாங்குங்கள். இழைத்தபின் ஓர் அங்குல ரீப்பர் ஓர் அங்குலமாக இருப்பதில்லை என்பதால், கனம் 22 மி.மீ. நின்றால் அகலம் 44, நீளம் 88 என்று கணக்கிட வேண்டும். இந்த 1:2:4 விகிதத்தில், படுத்த கட்டைகள் இரண்டு சேர்ந்தால் பக்கவாட்டில் வைத்த ஒன்றின் உயரமும், நான்கு சேர்ந்தால் செங்குத்தாக நிறுத்திய ஒன்றின் உயரமும் வந்துவிடுவதால், எப்படி மாற்றி அடுக்கினாலும் மேல்தளம் மட்டமாக நிற்கும். இரட்டை நீளத்தில் சில கட்டைகளையும் சேர்த்துக்கொண்டால், 1856-இல் திறக்கப்பட்ட இராயபுரம் ரயில் நிலையத்தின் தூண் வரிசையையும் அதன் மேலுள்ள உத்தரத்தையும் பிள்ளைகளே அமைத்துவிடலாம். விளிம்புகளை உப்புத்தாளால் லேசாகத் தேய்த்தால் போதும். அவற்றை அதிகம் உருண்டையாக்கினால் கட்டை ஆடும்.

துறைமுகத்திலிருந்து மலிவாக வரும் பேக்கிங் பலகைக்கு இது பொருந்தாது, குறிப்பாக ‘எம்.பி.’ (MB) முத்திரை இருந்தால் அது மெத்தில் புரோமைடு புகையூட்டப்பட்ட மரம். ஈர மரமும் ஆகாது. காய்ந்து சுருங்கும்போது அளவு குலைந்துவிடும். மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தை இருக்கும் வீட்டில் சிறிய அரைத்துண்டுகளை மட்டும் தவிர்த்துவிடுங்கள்.