அசேலியா போன்சாய்: முதலில் தண்ணீரைப் பாருங்கள்

வேலூர்ப் பக்கம் அசேலியா என்ற மலைப் பூச்செடியை வாங்கி வந்து, அது போய்விட்டால், எல்லோரும் வெயிலைத்தான் குறை சொல்வார்கள். வெயிலும் காரணம்தான். ஆனால் நல்ல நிழலில், காற்றோட்டமான இடத்தில் வைத்த செடியும் கொஞ்சம் கொஞ்சமாக மஞ்சளடித்துப் போவதை நிறைய வீடுகளில் பார்த்திருக்கிறேன். அங்கெல்லாம் செடியைக் கெடுத்தது போர்வெல் தண்ணீர். வேலையில் இருந்த காலம் முழுக்க நான் தண்ணீர் சோதனைக்கூடத்தில் இருந்தவன். இப்போது ஏலகிரி அத்தனாவூரில் அசேலியா போன்சாய் வளர்க்கிறேன். செடி வாங்க வேண்டும் என்று யார் கேட்டாலும், உங்கள் வீட்டுத் தண்ணீர் எப்படி என்றுதான் முதலில் கேட்பேன்.

அசேலியா ரோடோடென்ட்ரான் இனத்துச் செடி. நீலகிரிச் சோலைகளில் சிவப்பாகப் பூக்கும் காட்டுப் பூவரசு இதற்குச் சொந்தம். இவை அமிலத்தன்மை உள்ள மண்ணில் வாழப் பழகியவை. மண்ணின் பிஎச் (அமிலத்தன்மையைக் காட்டும் அளவு, எண் குறையக் குறைய அமிலம் கூடும்) 4.5 முதல் 5.5 வரை இருந்தால் செழிப்பாக வளரும். அதற்கு மேல் ஏற ஏற, மண்ணில் இரும்புச்சத்து இருந்தாலும் வேரால் அதை எடுக்க முடியாது. கொழுந்து இலையில் நரம்பு மட்டும் பச்சையாக நின்று, நடுப்பகுதி வெளுத்துவிடும். உங்கள் வீட்டு இட்லிப்பூச் செடியின் கொழுந்து இப்படி வெளுத்திருக்கிறதா? அப்படியானால் அதே தண்ணீரை அசேலியாவுக்கு ஊற்றாதீர்கள்.

வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அந்தச் சுண்ணாம்புதான் தொட்டியிலும் நாள்பட நாள்படச் சேர்ந்து மண்ணின் பிஎச்சை ஏற்றுகிறது. இதற்கு நல்ல மாற்று மழைநீர். நீல டிரம்மில் பிடித்து, மூடி வையுங்கள். ஓட்டுக்கூரை அல்லது தகரக்கூரையிலிருந்து விழும் நீர்தான் வேண்டும். சுண்ணாம்புத் தளம் போட்ட மொட்டை மாடியில் ஓடி வந்த மழைநீர் அந்தச் சுண்ணாம்பையும் கொண்டுவரும். ஏசியிலிருந்து சொட்டும் நீர் நல்லது. ஆர்ஓ இயந்திரத்தில் குடிக்க வரும் தண்ணீரும் சரி. ஆனால் அது வெளியே தள்ளும் கழிவுநீரைச் செடிக்கு ஊற்றும் பழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. உப்பில் பெரும்பகுதி அதில்தான் இருக்கிறது, அசேலியாவுக்கு அது வேண்டவே வேண்டாம்.

போர் தண்ணீரைத் தவிர வழியில்லை என்றால், 10 லிட்டருக்கு அரை டீஸ்பூன் எலுமிச்சை உப்பில் (சிட்ரிக் அமிலம்) தொடங்குங்கள். கலக்கி, பிஎச் தாளை நனைத்துப் பாருங்கள். 5.5க்கும் 6க்கும் நடுவில் வரும்வரை சிட்டிகை சிட்டிகையாகச் சேர்க்கலாம். கடையில் கேட்டாலே எலுமிச்சை உப்பு கிடைக்கும், விலையும் அதிகமில்லை. ஆனால் ஒன்று: புளிப்பு சேர்த்தால் சுண்ணாம்பின் வேகம்தான் அடங்கும். சோடியம் உப்பு அப்படியேதான் இருக்கும். ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் தோல் கழிவால் கிணறுகள் உப்பேறிப் போனதும், அதன்மேல் 1996-இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பு சொன்னதும் நமக்குத் தெரிந்த கதை. அந்தத் தண்ணீரை எந்தப் புளிப்பும் சரிசெய்யாது. அங்கே இருப்பவர்கள் மழைநீரை நம்பித்தான் இந்தச் செடியை வைக்க வேண்டும்.

தண்ணீர் சரியானால் மண் பாதி சரியான மாதிரி. ஜப்பானில் அசேலியாவுக்குக் கனுமா என்ற மஞ்சள் எரிமலைக் கல்லைப் பயன்படுத்துகிறார்கள். மென்மையானது, அமிலத்தன்மை உள்ளது, ஈரமானால் நிறம் கூடும் என்பதால் எப்போது தண்ணீர் ஊற்றுவது என்றும் தெரியும். ஆனால் இங்கே விலை அதிகம். நான் தேங்காய் நார்த்துண்டும் நார்த்தூளுமாக இரண்டு பங்கு, பெர்லைட் அல்லது பியூமிஸ் (இரண்டும் எடை குறைந்த எரிமலைக் கல் வகைகள்) ஒரு பங்கு, மக்கிய இலைத்தூள் ஒரு பங்கு போடுகிறேன். தேங்காய் நாரில் உப்பு இருக்கும். ஊறவைத்துப் பிழிவதை மூன்று நான்கு முறையாவது செய்யுங்கள். பொடி மண்ணைச் சலித்துத் தள்ளிவிட வேண்டும். அடுப்புச் சாம்பல், முட்டை ஓட்டுத்தூள், எலும்புத்தூள் எதுவும் இந்தத் தொட்டிக்குள் வரக்கூடாது. சிமெண்ட் தொட்டியும் ஆகாது, அதிலிருந்தே சுண்ணாம்பு கரையும். காட்பாடியை அடுத்த கரிகிரியின் மெருகிட்ட மண்பாண்ட வேலை எனக்குப் பிடிக்கும். அந்த மாதிரி மெருகிட்ட தட்டுத் தொட்டி, அடியில் இரண்டு ஓட்டைகளோடு, மற்ற போன்சாய்களுக்கு வைப்பதைவிடச் சற்று ஆழமாக இருந்தால் போதும்.

இதன் வேர் தலைமுடி போல மெல்லியது, மேலாகவே பரவும். ஒருநாள் முழுக்கக் காய்ந்தாலே நுனிகள் போய்விடும். நார் காய்ந்து சுருங்கிவிட்டால், மேலே ஊற்றும் தண்ணீர் ஓரமாக வழிந்து ஓடும், நடுவில் ஈரம் ஏறாது. அப்போது தொட்டியையே வாளித் தண்ணீரில் இறக்கி, குமிழி அடங்கும்வரை வையுங்கள். அதற்காக எப்போதும் தட்டில் தண்ணீர் தேங்க விடாதீர்கள், வேர் அழுகிவிடும்.

இடத்தைப் பொறுத்தவரை, ஏலகிரி சுமார் 1,100 மீட்டர் உயரம் என்பதால் எனக்குச் சுலபம். காலை வெயில் படும், பிறகு பாதி நிழல் தரும் பச்சை வலை. வேலூர் ஊருக்குள் செடி பிழைக்கும், ஆனால் ஏலகிரி மாதிரி பூக்காது. மொட்டு நன்றாக விரிய சில வாரம் குளிர் வேண்டும். சத்துவாச்சாரியில் அக்கா வீட்டுக் கிழக்கு பால்கனியில் என் செடியிலிருந்து போன ஒன்று இருக்கிறது. "பூ நாலு பூத்தாலும் இலை பளபளன்னு இருக்குடா தம்பி, எனக்கு அது போதும்" என்கிறாள். மே 4 முதல் 28 வரை, கத்திரி முடியும் மட்டும், அவள் அதை முழு நிழலில், ஈரமணல் போட்ட தட்டின்மேல் செங்கல் வைத்து அதற்கு மேல் வைக்கிறாள். மாடித் தரையில் தொட்டியை நேராக வைத்தால் வேர் வெந்துவிடும்.

இனி கத்தரிப்பு. மற்ற மரங்கள் உச்சியில் வலுவாக வளரும். அசேலியா நேர்மாறு: அடியிலிருந்துதான் வேகமாகக் கிளைக்கும், உச்சி எப்போதும் பலவீனம். ஆலமரம், அரசமரம் போன்சாய் செய்து கை பழகியவர்கள் உச்சியை நறுக்கென்று வெட்டிவிடுவார்கள். இங்கே உச்சியில் கை வைக்கத் தயங்க வேண்டும், கீழ்க்கிளைகளை நன்றாகக் குறைக்க வேண்டும், அடியில் முளைக்கும் தூர்க்குருத்தைக் கண்டதும் கிள்ள வேண்டும். இதைச் செய்யாவிட்டால் சில ஆண்டுகளில் அடி புதராகி, உச்சி தானாகக் காய்ந்துவிடும்.

வாடிய பூவை விதைப்பையோடு சேர்த்துக் கிள்ளுங்கள். பூ இருந்த இடத்தைச் சுற்றி நான்கைந்து தளிர்கள் ஒன்றாகக் கிளம்பும். இரண்டை மட்டும் விட்டு மற்றதை எடுத்துவிடுங்கள், அதையும் இரண்டு மூன்று இலைக்குக் குறையுங்கள். கிளை நேர்த்தி வருவது இந்த வேலையில்தான், நிதானமாக உட்கார்ந்து செய்யுங்கள். பூ முடிந்த உடனே இது நடக்க வேண்டும். அடுத்த பூவுக்கான மொட்டு கோடையிலேயே உருவாகத் தொடங்கும், அதற்குப் பிறகு வெட்டினால் வெட்டுவது மொட்டைத்தான். பழைய கட்டையிலும் நன்றாகத் துளிர்க்கும் செடி இது. ஆனால் பெரிய வெட்டுக்காயம் மெதுவாகத்தான் மூடும், காயப்பசை தடவுங்கள்.

ஜப்பானியர் பூ முடிந்ததும் கத்தரித்து, தொட்டியும் மாற்றிவிடுவார்கள். சட்சுகி என்ற அசேலியா வகை அங்கே மே, ஜூனில் பூக்கிறது, பின்னாலேயே அவர்களின் மழைக்காலம் வருகிறது. என் செடிகள் தை, மாசியில் பூக்கின்றன, பின்னால் வருவது கத்திரி வெயில். அதனால் நான் கத்தரிப்பதைப் பங்குனிக்குள் முடித்து, தொட்டி மாற்றுவதை ஆனி, ஆடியில் இரண்டு மழை பெய்த பிறகு வைத்துக்கொள்கிறேன். மூங்கில் குச்சியால் ஓரத்திலிருந்து வேரைச் சீவி, மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்காமல், அப்புறம் இரண்டு வாரம் நிழலில் வைக்க வேண்டும். சின்ன செடிக்கு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை போதும்.

கம்பி கட்டுவதில் கவனம் தேவை. கிளை கவட்டையில் பட்டென்று பிளந்துவிடும். மண் சற்று உலர்ந்திருக்கும் நாளில், அலுமினியக் கம்பியால், ஒரே நாளில் முழுக்க வளைக்காமல் வாரம் வாரம் கொஞ்சமாக வளையுங்கள். உரத்துக்குக் கடலைப் புண்ணாக்கும் வேப்பம் புண்ணாக்கும் சிறிதளவு போதும், பூக்கும்போது நிறுத்திவிடுங்கள். கொழுந்து வெளுத்தால் செலேட் இரும்பை (செடி சுலபமாக எடுத்துக்கொள்ளும் இரும்புச்சத்து) தெளிக்கலாம், ஆனால் தண்ணீரைச் சரிசெய்யாமல் அதை மட்டும் தெளிப்பதில் பயனில்லை. காய்ந்த கோடையில் செஞ்சிலந்தி என்ற, இலைச் சாற்றை உறிஞ்சும் நுண்பேன் வரும். இலையின் அடியில் படும்படி மாலையில் வேப்பெண்ணெய்க் கரைசல் அடியுங்கள்.

தொட்டி மாற்றும் அதே ஆனி, ஆடியில் புதுச் செடிக்காகக் குச்சியும் வெட்டி நடலாம். பாதி முற்றிய, விரல் நீள நுனிகளை எடுத்து, கீழிலைகளை நீக்கி, கழுவிய நார்த்தூளில் நட்டு, மேலே பிளாஸ்டிக் பையால் மூடி நிழலில் வையுங்கள். இரண்டு மாத வாக்கில் வேர் பிடிக்கும். அடுத்த மழைக்காலம் வரை அதை வளைக்கவும் வேண்டாம், வெட்டவும் வேண்டாம். அடித்தண்டு பருக்கட்டும்.