ஒரே ஐசியில் முதல் சிந்த் மாட்யூல்

மாட்யுலர் சிந்தசைசர் (தனித்தனி மாட்யூல்களைக் கேபிளால் இணைத்து ஒலி உருவாக்கும் கருவி) என்றதும் பெட்டியையும் பவர் சப்ளையையும் யோசிக்கத் தொடங்கினால் வேலை அங்கேயே நின்றுவிடும். முதலில் சத்தம் வரட்டும். அதற்கு சிடி 40106 ஐசி ஒன்று (இன்புட்டைத் தலைகீழாக்கி அவுட்புட்டில் தரும் ஆறு இன்வர்ட்டர்கள் கொண்ட சில்லு), பிரெட்போர்டு (பற்றவைக்காமல் பாகங்களைச் செருகும் பலகை), 9 வோல்ட் பேட்டரி போதும். கடையில் 74 ஹெச்சி 14 கொடுத்தால் வாங்காதீர்கள். கால் வரிசை ஒன்றேதான், ஆனால் அது 9 வோல்ட் தாங்காது.

14ஆம் காலுக்கு பிளஸ், 7க்கு கிரவுண்ட். இரண்டுக்கும் நடுவே, ஐசியை ஒட்டி, 104 என்று அச்சிட்ட 0.1 மைக்ரோ ஃபாரட் கெப்பாசிட்டர். 1ஆம் காலிலிருந்து கிரவுண்டுக்கு இன்னொரு 104. 1க்கும் 2க்கும் இடையில் 10 கிலோ ஓம் ரெசிஸ்டரையும் 100 கிலோ ஓம் பொட்டென்ஷியோமீட்டரையும் (திருகினால் மதிப்பு மாறும் ரெசிஸ்டர்) தொடராகப் போடுங்கள். பொட்டென்ஷியோமீட்டரில் நடுக்கால், ஓரக்கால் ஒன்று, அவ்வளவுதான். அந்த 10 கிலோ ஓமை விட்டுவிட்டால், பொட்டென்ஷியோமீட்டரை முழுக்கத் திருப்பும்போது சுருதி காதுக்கு எட்டாத உயரத்துக்குப் போய்விடும். இப்போது சுமார் 100 முதல் 1000 ஹெர்ட்ஸ் வரை கிடைக்கும்.

சத்தத்தை 2ஆம் காலிலிருந்து நேராக எடுக்காதீர்கள். எதிரே மாட்டும் கருவியின் சுமை சுருதியை இழுக்கும். 2ஐ 5ஆம் காலில் கொடுத்து 6இல் எடுங்கள். 6இல் வருவது முழு 9 வோல்ட் சதுர அலை. 100 கிலோ ஓம் தொடராகவும், அங்கிருந்து கிரவுண்டுக்கு 10 கிலோ ஓமும் போட்டால் ஒரு வோல்ட்டுக்குக் கீழே இறங்கும். பிறகு ஸ்பீக்கர் ஆம்ப்ளிஃபையரில் கொடுக்கலாம்.

கரகரப்பு வந்தால் பெரும்பாலும் காரணம் 9, 11, 13ஆம் கால்கள். பயன்படுத்தாத இன்புட்டுகளைக் காற்றில் விட்டால் அவை தாமாக ஆடும், பேட்டரியையும் தின்னும். மூன்றையும் கிரவுண்டில் கட்டுங்கள். அவற்றின் அவுட்புட்டான 8, 10, 12ஐக் கட்டிவிடாதீர்கள்.

அடுத்து மாற்றம். 3, 4ஆம் கால்களில் இதே சுற்றை 10 மைக்ரோ ஃபாரட் கெப்பாசிட்டரோடு கட்டுங்கள், அதன் மைனஸ் கால் கிரவுண்டில். நொடிக்கு 1 முதல் 11 முறை வரை துடிக்கும். 4ஆம் காலிலிருந்து 1 கிலோ ஓம் வழியாக ஒரு 3.5 மில்லிமீட்டர் ஜாக். இன்னொரு ஜாக்கிலிருந்து 1என்4148 டயோடு வழியாக 1ஆம் கால். டயோடின் கறுப்புக் கோடு 1ஆம் கால் பக்கம். இரு ஜாக்குகளையும் கேபிளால் இணைத்தால் சத்தம் விட்டுவிட்டு வரும், கழற்றினால் தொடர்ந்து ஒலிக்கும். கம்பியைப் பற்றவைக்க வேண்டிய இடத்தில் ஜாக் வைத்தோமே, மாட்யுலர் என்பது அதுதான். அந்த 1 கிலோ ஓம் எதற்கு? பிளக்கைச் செருகும்போது முனை ஒரு கணம் கிரவுண்டில் உரசும். அப்போது ஐசியைக் காப்பது அதுதான்.

கீபோர்டு வைத்து ராகம் வாசிக்க இது ஆகாது; 1 வோல்ட் கூடினால் சுருதி ஒரு ஆக்டேவ் (ஸ்தாயி) உயர வேண்டும் என்ற கணக்குக்கு இந்தச் சுற்று கட்டுப்படாது. ஆனால் யூரோராக் (மாட்யுலர் சிந்த்களுக்கான பரவலான அளவுமுறை) பெட்டியில் பிளஸ் 12 வோல்ட்டில் அப்படியே ஓடும். அங்கே மின்சாரம் தரும் பட்டையான ரிப்பன் கேபிளின் சிவப்புக் கோடு பிளஸ் அல்ல, மைனஸ் 12. அதைப் பார்த்துவிட்டு மாட்டுங்கள்.