ஏற்காடு ஏறும் முன் கியர் கேபிளை மாற்றிவிடுங்கள்

சைக்கிளில் பின்பக்கக் கியர் கேபிள் அறுந்தால், செயினைப் பல்சக்கரம் விட்டுப் பல்சக்கரம் நகர்த்தும் டீரெய்லரில் இருக்கும் ஸ்பிரிங் செயினை இழுத்து மிகச் சிறிய பல்சக்கரத்தில் போட்டுவிடும். மிதிக்க மிகக் கடினமான கியர் அதுதான். சேலம் ஊருக்குள் என்றால் சமாளிக்கலாம், ஆனால் அடிவாரத்திலிருந்து ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவுகள். எனக்குப் பாதி வழியில் அறுந்தது, மீதி தூரம் முழுக்க வண்டியைத் தள்ளிக்கொண்டே ஏறினேன். இரண்டு வாரமாகவே கியர் மாற்றும் லீவர் கனத்துக்கொண்டிருந்தது. செயின்தான் காரணம் என்று நினைத்து அதற்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தேன்.

லீவர் கனப்பது, சின்னப் பல்சக்கரத்துக்கு இறங்கச் செயின் தயங்குவது, கேபிளில் எங்காவது புரி பிரிந்து கம்பி நீட்டிக்கொண்டிருப்பது, இதில் ஒன்று தெரிந்தாலும் மாற்றிவிடுங்கள். பெரும்பாலும் அறுவது ஹேண்டில்பாரில் அந்த லீவர் இருக்கும் ஷிஃப்டருக்குள், வெளியே தெரியாத இடத்தில். அங்கேதான் கேபிள் வளைந்து வளைந்து நிமிர்கிறது.

கடையில் உள்ளே ஓடும் கம்பியான கியர் இன்னர் 1.2 மி.மீ., அதன் மேலுறையான கியர் அவுட்டர் 4 மி.மீ. என்று கேட்டு வாங்குங்கள். பிரேக் அவுட்டரைக் கொடுத்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள். அதற்குள் கம்பி ஸ்பிரிங் மாதிரி சுருளாக இருக்கும், இழுக்கும்போது கொஞ்சம் அமுங்கும், கியர் சரியான பல்லில் நிற்காது. கியர் அவுட்டருக்குள் கம்பிகள் நீளவாக்கில் ஓடும், அதனால் அமுங்காது. இன்னரை மட்டும் மாற்றினால் போதும் என்பார்கள், நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். காபித் தோட்டத்து மண்பாதையில் ஒரு மழைக்காலம் ஓட்டிய வண்டியில் சேறும் துருவும் அவுட்டருக்குள்தான் அடைந்து கிடக்கும், புது இன்னர் போட்டாலும் லீவர் அதே கனம்தான்.

சரி, வேலைக்கு வருவோம். முதலில் பழைய கேபிள் போகும் வழியைப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பெடலைச் சுற்றிக்கொண்டே கியரை மிகச் சிறிய பல்சக்கரத்துக்கு இறக்குங்கள். அறுந்துவிட்டாலும் ஷிஃப்டர் லீவரை அது நிற்கும் வரை அந்தப் பக்கமே தட்டிக்கொண்டு போங்கள், இல்லாவிட்டால் கேபிள் முனையில் இருக்கும் குண்டு வெளியே வராது. அப்புறம் டீரெய்லரில் கேபிளைப் பிடித்திருக்கும் போல்ட்டை ஆலன் கீயால் தளர்த்தி, ஷிஃப்டரின் சின்ன மூடியைக் கழற்றி, கேபிளை உள்பக்கமாகத் தள்ளினால் குண்டு வெளியே எட்டிப் பார்க்கும். உள்ளே அறுந்த துண்டு எதுவும் தங்கிவிடக் கூடாது, டார்ச் அடித்துப் பாருங்கள்.

புது அவுட்டரைப் பழைய துண்டுகளின் நீளத்துக்கே வெட்டுங்கள். சாதாரணக் கட்டிங் பிளேயர் முனையை நசுக்கிவிடும், கேபிள் கட்டர் இருக்கும் கடையில் வெட்டி வாங்கிக்கொள்வதே நல்லது. வெட்டிய முனையில் உள்ளே இருக்கும் வெள்ளைக் குழாய் அடைந்திருக்கும், ஊக்கு முனையால் விரித்துவிட்டு இரண்டு பக்கமும் தொப்பி போடுங்கள். கடைசித் துண்டு டீரெய்லருக்குள் மடங்காமல் நன்றாக வளைந்து போக வேண்டும். ஹேண்டில்பாரை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பியும் பாருங்கள், எங்கும் இழுக்கக் கூடாது.

இன்னரை ஷிஃப்டரிலிருந்து கோர்த்துக்கொண்டு வாருங்கள், தரையில் படவிட்டால் மண் ஒட்டிக்கொள்ளும். டீரெய்லரிலோ ஷிஃப்டரிலோ விரலால் திருகும் உருளை ஒன்று இருக்கும், அதை முழுக்க உள்ளே திருகி ஒரு சுற்று மட்டும் வெளியே விடுங்கள். கேபிளைக் கையால் இறுக இழுத்துப் பிடித்து, போல்ட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் பள்ளத்தில் படியவைத்து முடுக்குங்கள். ரொம்ப முடுக்கினால் புரி நசுங்கி அங்கேயே அறும்.

இப்போது எல்லாக் கியரையும் சில முறை ஏற்றி இறக்குங்கள், அவுட்டர் தொப்பிகள் படிந்து கேபிள் தளரும், மறுபடி இழுத்து முடுக்குங்கள். பிறகு சின்னப் பல்சக்கரத்திலிருந்து ஒரே ஒரு கிளிக். செயின் இரண்டாவதுக்கு ஏறவில்லை என்றால் உருளையைக் கால் சுற்று வெளியே திருகுங்கள், கேபிள் இறுகும். மூன்றாவதைத் தொட்டு உரசினால் உள்ளே திருகுங்கள். சத்தமில்லாமல் நிற்கும் வரை இதையேதான் செய்ய வேண்டும், பொறுமை வேண்டிய இடம் இது ஒன்றுதான். முன்பு கியர் ஒழுங்காக ஓடிய வண்டி என்றால் டீரெய்லரில் இருக்கும் இரண்டு ஸ்க்ரூக்களைத் தொடவே வேண்டாம். மிச்சக் கேபிளை நாலு சென்டிமீட்டர் விட்டு வெட்டி முனைக்குத் தொப்பி போட்டு நசுக்கிவிடுங்கள். முன்பக்கக் கியருக்கும் இதே முறைதான், அங்கேயும் சின்னப் பல்சக்கரத்தில் வைத்துத் தொடங்குங்கள்.

வழியில் பின்பக்கக் கேபிள் அறுந்தால் பின் டீரெய்லரின் அந்த இரண்டு ஸ்க்ரூக்களில் ஹெச் (H) என்று பொறித்ததை உள்ளே முறுக்குங்கள், செயின் இரண்டாவது அல்லது மூன்றாவது பல்சக்கரத்துக்கு நகர்ந்து நிற்கும், கொஞ்சம் இலகுவாக மிதிக்கலாம். எத்தனை சுற்று முறுக்கினீர்கள் என்று எண்ணி வையுங்கள், புதுக் கேபிள் போடும்போது அதே அளவு தளர்த்த வேண்டும்.