நீர்வழிப் புரதத்தைத் தேடும்போது தண்ணீரில் கோட்டை விடாதீர்கள்

போன வாரம் லேபில் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவர் மைக்ரோஸ்கோப்பிலிருந்து தலையைத் தூக்கி, "அக்கா, பாதி நாரில் அக்வாபோரின் 4 இல்லவே இல்லை. டுஷேன்தான்!" என்றார். அக்வாபோரின் 4 என்பது தசைநாரின் சவ்வில் நீரைக் கடத்தும் புரதம். டுஷேன் என்பது சிறுவர்களுக்கு வரும் பரம்பரைத் தசைச்சிதைவு நோய், அதில் இந்தப் புரதம் குறையும். ஆனால் தம்பி பார்த்தது ஒப்பிடுவதற்கு வைத்திருந்த, நோயில்லாத தசை. நானும் முதல் வருஷம் இதே கூத்தை அடித்தவள்தான். ஸ்லைடில் பெயர் எழுதுங்கள், புரதத்தைக் காட்டும் ஆன்டிபாடியின் தேதியைப் பாருங்கள் என்பதையெல்லாம் இங்கே சொல்லப்போவதில்லை. இந்தச் சோதனையில் சறுக்கும் இடங்களை மட்டும் சொல்கிறேன்.

எல்லா நாரிலும் இருக்கும் என்று நினைப்பது

இருக்காது. வேகமாகச் சுருங்கும் நார்களில் தூக்கலாகத் தெரியும், மெதுவாகச் சுருங்குபவற்றில் மங்கலாக இருக்கும். அதே துண்டின் அடுத்த சீவலில், நாரின் வேகத்தைக் காட்டும் மயோசின் புரதத்தின் வகையைப் பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

தசையைச் சலைனில் மிதக்கவிடுவது

இன்றைக்கும் எனக்கு எரிச்சல் தருவது இதுதான். ஒரு சனிக்கிழமை சாயங்காலம் ஆறு வயதுப் பையனின் தொடைத் தசை வந்தது. பாட்டில் நிறையச் சலைன், அதில் ஊறிக்கொண்டு துண்டு. அனுப்பியவர்கள் செய்தது பாதித் தப்பு. மீதியை நான் செய்தேன். அவசரத்தில் அதை நேராகத் திரவ நைட்ரஜனில் போட்டேன்.

மைனஸ் 196 டிகிரிதானே, உடனே உறையும் என்று தோன்றும். உறையாது. சூடான தோசைக்கல்லில் தெளித்த தண்ணீர் ஆவிமேல் உருண்டு ஓடுமே, அதுபோல நைட்ரஜன் கொதித்துத் துண்டைச் சுற்றி ஆவிப் போர்வை போர்த்திவிடும். குளிர் மெதுவாக இறங்க, உள்ளே ஊறியிருந்த நீர் பனிப்படிகமாக வளர்ந்தது. உறைந்த தசையைச் சீவும் கிரையோஸ்டாட்டில் வெட்டிப் பார்த்தால் ஆப்பத்தின் நடுப்பகுதி மாதிரி ஓட்டை ஓட்டை. சவ்வு கிழிந்து கிடக்க, அக்வாபோரின் குறைந்திருக்கிறதா, நான் கெடுத்தேனா என்று யாராலும் சொல்ல முடியவில்லை.

இன்னொரு துண்டு கேட்கலாமே என்பீர்கள். இந்தக் குழந்தைகளுக்கு மயக்க மருந்து லேசான விஷயமில்லை. சில மருந்துகளில் தசை உடைந்து, ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி, இதயமே நின்றுவிடலாம்.

சலைனில் நனைத்து நன்றாகப் பிழிந்த காஸில் சுற்றி, மூடிய டப்பாவில், ஐஸ் மேல் வைத்து வரச்சொல்லுங்கள். ஐசோபென்டேன் என்ற திரவத்தைப் பாத்திரத்தோடு திரவ நைட்ரஜனில் இறக்கிக் குளிரவையுங்கள். அடியில் வெள்ளையாகக் கட்டி தட்டியதும் துண்டை முக்குங்கள். ஐசோபென்டேன் கொதிக்காது, துண்டோடு ஒட்டிக் குளிரவைக்கும்.

ஸ்பெக்ட்ரின் போடாமல் விடுவது

ஸ்பெக்ட்ரின் சவ்வுக்கு அடியிலேயே இருக்கும் இன்னொரு புரதம். அதற்கும் சாயம் போடுங்கள். அதுவும் மங்கியிருந்தால் சவ்வே சரியில்லை.

விளைவைக் காரணமாக எழுதுவது

டுஷேனில் கெட்டிருப்பது எக்ஸ் குரோமோசோமில் உள்ள, தசைச் சவ்வைத் தாங்கும் டிஸ்ட்ரோபின் புரதத்தின் ஜீன். டிஸ்ட்ரோபின் போனால் அதன்மேல் சாய்ந்து நிற்கும் ஆல்ஃபா சின்ட்ரோஃபின் என்ற புரதம் சவ்வில் குறையும், அதைப் பிடித்து நிற்கும் அக்வாபோரின் 4-ம் கூடவே போகும். அக்வாபோரினின் சொந்த ஜீன் 18-ஆம் குரோமோசோமில் பத்திரமாக இருக்கிறது. அந்த ஜீனை எடுத்துவிட்ட எலிகளுக்குத் தசைச்சிதைவு வருவதில்லை.

நான் ஒரு ரிப்போர்ட்டின் முதல் வரியில் 'நீர்வழிப் புரதக் குறைபாடு' என்று எழுதிவிட்டேன். ரிப்போர்ட்டோடு வந்த அப்பா கேட்டார்: "பையனுக்குத் தண்ணி கம்மியா கொடுத்துட்டோமா மேடம்?"