ஏற்காட்டில் வியாழனைக் கேட்பது: ரெண்டு டைபோல், ஒரு முட்டாள்தனம்

வியாழன் கிரகம் ரேடியோவில் சத்தம் போடும். 1955-ல் பர்க், பிராங்க்ளின் என்ற ரெண்டு அமெரிக்கர்கள் 22.2 மெகாஹெர்ட்ஸில் தற்செயலாகப் பிடித்தார்கள். சேலத்து மொட்டை மாடியில் நான் முயன்றபோது எல்இடி பல்பும் இன்வெர்ட்டரும்தான் கேட்டன. அதனால் 20 கொண்டை ஊசி வளைவும் ஏறி, சித்தப்பாவின் காபித் தோட்டத்துக்குப் போனேன்.

படி 1: அலைவரிசை 20.1 மெகாஹெர்ட்ஸ். செம்புக் கம்பியில் டைபோல் (ரெண்டு கையுள்ள ஆன்டெனா), ஒரு கைக்கு 3.55 மீட்டர். கிழக்கு மேற்காக, 3 மீட்டர் உயரத்தில், சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே நைலான் கயிற்றில் கட்டுங்கள். அதேபோல் இன்னொன்று, வடக்கே 6 மீட்டர் தள்ளி. மரம் காற்றில் ஆடும், கயிற்றை விறைப்பாக இழுக்காதீர்கள். சால்டரிங் தெரியும்தானே?

படி 2: ரெண்டிலிருந்தும் ஒரே நீளக் கேபிள் இறக்கி, டிவி ஸ்ப்ளிட்டரை (ஒரு கேபிளின் சிக்னலை ரெண்டாகப் பிரிப்பது) திருப்பிப் போட்டு ஒன்றாக்குங்கள். 5 மெகாஹெர்ட்ஸிலிருந்து வேலை செய்யும் ஸ்ப்ளிட்டராகக் கேட்டு வாங்குங்கள். டிஷ்ஷுக்கான சில வகை 950 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழே உதவாது.

படி 3: இங்கேதான் ரெண்டு ராத்திரி போச்சு. ஒரு டைபோலில் கேபிளின் நடுக்கம்பியைக் கிழக்குக் கையிலும், இன்னொன்றில் மேற்குக் கையிலும் சேர்த்துவிட்டேன். அப்படிச் செய்தால் உச்சியிலிருந்து வரும் அலை ஒன்றில் ஏறும்போது மற்றதில் இறங்கும், கூட்டினால் பூஜ்யம். அன்று வியாழன் கிரகம் கிட்டத்தட்ட தலைக்கு மேலேதான் கிழக்கிலிருந்து மேற்கே போனது, ராத்திரி முழுக்க அந்தக் குருட்டுப் பட்டையிலேயே! தெற்கே கீழே இருக்கும் சேலத்து இரைச்சல் மட்டும் நன்றாகக் கூடி வந்தது. ஆகவே ரெண்டிலும் நடுக்கம்பி கிழக்கே. சிவப்பு டேப் ஒட்டுங்கள்.

(கர்நாடகத்துக் கௌரிபிதனூர் ரேடியோ தொலைநோக்கியில் 34.5 மெகாஹெர்ட்ஸில் 1000 டைபோல் இருந்தன. அங்கே எதையும் திருப்ப வேண்டியிருக்கவில்லை, ஒவ்வொரு வரிசையின் சிக்னலையும் கொஞ்சம் தாமதப்படுத்தினாலே பார்வை நகர்ந்தது. நான் தெரியாமல் செய்ததை அவர்கள் தெரிந்து செய்தார்கள்.)

படி 4: ரிசீவருக்கு ஆர்டிஎல்-எஸ்டிஆர் வி4 (கணினியில் செருகும் சின்ன ரேடியோ) வாங்குங்கள். என் பழைய வி3-ல் 8.7 மெகாஹெர்ட்ஸில் இருப்பதும் 20.1-ல் வந்து உட்காரும். ஃபில்டர் இல்லாமல் அவஸ்தை.

படி 5: ஆன்டெனாவைச் செருகியதும் 'உஸ்ஸ்' கூட வேண்டும். அது பால்வீதி. பால்வீதியின் ரேடியோ இரைச்சலை முதலில் பிடித்த ஜான்ஸ்கி 1933-ல் அறிவித்ததும் இதே பக்கம்தான், 20.5 மெகாஹெர்ட்ஸில். கூடவில்லையென்றால் கேபிள் இணைப்புகளைச் சரிபாருங்கள். வியாழன் தினமும் பேசாது. ஐயோ என்ற அதன் நிலா சரியான இடத்துக்கு வரும் ராத்திரியாகப் பாருங்கள். கடலலை மாதிரி ஒரு சத்தம், சில நேரம் பொரி வெடிப்பது மாதிரி.

பின்சேர்க்கை: எல்லாம் சரி, ஆனாலும் சிக்னல் மங்கல் என்று ஒருவர் எழுதியிருந்தார். விசாரித்தால், ஒரு கேபிள் ஆர்ஜி-59, மற்றது வீட்டில் மிஞ்சிய ஆர்ஜி-6. நீளம் ஒன்றுதான், உள்ளே வேகம் வேறு: ஒளி வேகத்தில் 0.66 பங்கு, 0.82 பங்கு. 10 மீட்டருக்கே ஐந்தில் ஒரு அலை பிசகும். ரெண்டையும் ஒரே சுருளிலிருந்து வெட்டுங்கள்.