ஜிபி2 டிஸ்கிலிருந்து ஜிபி3-க்கு: அமேசான் கிளவுடில் டிஸ்க் வேகத்தைக் கூட்டும் முறை

அமேசான் கிளவுடில் இயங்கும் ஒரு தரவுத்தளம் காலையில் நன்றாக ஓடிவிட்டு, வேலை மிகுந்த நேரத்தில் திடீரென்று படுத்துவிட்டால், பலரும் முதலில் சர்வரைப் பெரிதாக்குகிறார்கள். சிபியு பாதிகூடப் பயன்படாத நிலையில் அதனால் பெரிய பலன் இராது. அந்தச் சர்வரோடு இணைந்துள்ள இபிஎஸ் (அமேசான் கிளவுடின் டிஸ்க் சேவை) டிஸ்க் பழைய ஜிபி2 வகையா என்று பார்ப்பதே முதல் வேலை.

ஜிபி2 வகையில் டிஸ்கின் வேகம் அதன் கொள்ளளவோடு பிணைக்கப்பட்டிருக்கிறது. ஒரு ஜிகாபைட்டுக்கு 3 ஐஓபிஎஸ் (ஒரு நொடியில் டிஸ்க் செய்யும் படிப்பு, எழுத்துச் செயல்களின் எண்ணிக்கை) என்பது கணக்கு. ஆகவே 100 ஜிகாபைட் டிஸ்குக்கு உரிய நிலையான வேகம் 300 ஐஓபிஎஸ் மட்டுமே. 1,000 ஜிகாபைட்டுக்கும் குறைந்த டிஸ்குகள் தேவைப்படும்போது 3,000 வரை உயரலாம் என்றாலும், அந்த உயர்வு மேல்நிலைத் தொட்டியில் சேர்த்து வைத்த நீரைப் போன்றது. தொட்டி நிறைந்திருக்கும்போது 54 லட்சம் கிரெடிட்டுகள், அதாவது அத்தனை படிப்பு, எழுத்துச் செயல்களுக்கான சேமிப்பு, இருக்கும். 100 ஜிகாபைட் டிஸ்க் முழு வேகத்தில் ஓடினால், நொடிக்கு 3,000 செலவாகி 300 மட்டுமே வந்து சேர்வதால், 2,000 நொடிகளில், அதாவது ஏறத்தாழ 33 நிமிடங்களில், அது வற்றிவிடும். பிறகு வேகம் பத்தில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். எந்தப் பயன்பாடும் இல்லாமல் விட்டாலும் தொட்டி மீண்டும் நிறைய 5 மணி நேரம் ஆகும். சர்வர் காரணமே இல்லாமல் மந்தமாகிறது என்று எழும் புகார்களில் பலவற்றுக்கு இதுவே காரணம்.

2020 டிசம்பரில் அறிமுகமான ஜிபி3 இந்தப் பிணைப்பை அறுத்துவிட்டது. டிஸ்க் எவ்வளவு சிறியதாக இருந்தாலும் 3,000 ஐஓபிஎஸ், நொடிக்கு 125 எம்பி ஆகிய இரண்டும் நிலையாகக் கிடைக்கும். அதற்கு மேல் வேண்டுமானால் கொள்ளளவைக் கூட்டாமல் வேகத்தை மட்டும் தனியே வாங்கலாம். ஒரு ஜிகாபைட்டுக்கான விலையும் ஜிபி2-ஐவிட 20 சதவீதம் குறைவு.

மாற்றுவதற்கு முன் அளந்து பார்ப்பது அவசியம். அமேசானின் கண்காணிப்புச் சேவையான கிளவுட்வாட்ச்சில் அந்த டிஸ்கின் பர்ஸ்ட் பேலன்ஸ் (தொட்டியில் மீதமுள்ள கிரெடிட்டுகளின் சதவீதம்) வரைபடத்தைத் திறந்து, மந்தமான நேரத்தில் அது பூஜ்யத்துக்கு இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள். இறங்கியிருந்தால் நோய் பிடிபட்டுவிட்டது. எப்போதும் 100-க்கு அருகிலேயே நின்றால், மந்தத்துக்கு வேறு காரணம் இருக்கக்கூடும். உண்மையில் எவ்வளவு ஐஓபிஎஸ் தேவை என்பதை அறிய, படிப்பு, எழுத்து இரண்டின் 5 நிமிடக் கூட்டுத்தொகையையும் சேர்த்து 300-ஆல் வகுக்க வேண்டும். கூட்டுத்தொகை 4,50,000 என்றால் சராசரி 1,500 ஐஓபிஎஸ். சராசரி உச்சங்களை மறைத்துவிடும் என்பதால், கிடைத்தால் 1 நிமிடத் தரவையே எடுத்துக்கொள்வது நல்லது.

அடுத்தது பலரும் தவறவிடும் இடம். சர்வருக்கும் டிஸ்குக்கும் இடையிலான பாதைக்கும் வரம்பு உண்டு, அது சர்வரின் வகையைப் பொறுத்தது. டி3.லார்ஜ் சர்வரில் அந்தப் பாதையின் நிலையான வேகம் 695 மெகாபிட், அதாவது நொடிக்குச் சுமார் 87 எம்பி; குறுகிய நேரத்துக்கு மட்டுமே அது அதைத் தாண்டி ஓடும். அப்படிப்பட்ட சர்வரில் டிஸ்குக்கு நொடிக்கு 500 எம்பி வாங்கிப் போடுவது வீண்செலவு. இங்கே மட்டும் சர்வரை மாற்றுவதே சரியான தீர்வு.

இனி மாற்றம். முதலில் ஒரு ஸ்னாப்ஷாட் (டிஸ்கின் அப்போதைய நிலையின் காப்பு நகல்) எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு அமேசானின் சர்வர் சேவையான இசி2-இன் கன்சோலில் வால்யூம்ஸ் பகுதிக்குச் சென்று, டிஸ்கைத் தேர்ந்தெடுத்து, மாடிஃபை வால்யூம் வழியாக வகையை ஜிபி3 ஆக்க வேண்டும். சர்வரை நிறுத்தவோ டிஸ்கைக் கழற்றவோ தேவையில்லை. எண்களை நிரப்பும்போதுதான் கவனம் வேண்டும். 2,000 ஜிகாபைட் ஜிபி2 டிஸ்க் ஏற்கெனவே 6,000 ஐஓபிஎஸ் தந்துகொண்டிருக்கும். அங்கே 3,000 என்று இட்டால் வேகத்தை நாமே பாதியாக்கியவர்கள் ஆவோம். மாறாக, கட்டளை வழியாக எண்களைக் குறிப்பிடாமல் மாற்றினால், பழைய வேகம், ஜிபி3-இன் அடிப்படை வேகம் ஆகியவற்றில் எது அதிகமோ அதை அமேசானே வைத்துவிடும். 500 ஜிகாபைட் டிஸ்குக்கு அப்போது நொடிக்கு 250 எம்பி அமையும். 125-ஐத் தாண்டிய பகுதிக்குத் தனிக் கட்டணம் என்பதால், அவ்வளவு தேவையா என்று யோசித்து எண்ணை நீங்களே எழுதுங்கள்.

மாற்றம் தொடங்கியதும் டிஸ்க் ஆப்டிமைசிங் நிலைக்குப் போகும். பெரிய டிஸ்குகளுக்கு இது பல மணி நேரம் நீடிக்கும். அதுவரை வேகம் பழையதற்கும் புதியதற்கும் இடைப்பட்டதாகவே இருக்கும். ஆகவே பயன்பாடு குறைந்த இரவு நேரத்தில் தொடங்கி, முடிந்த பிறகே பலனை மதிப்பிட வேண்டும்.

கொள்ளளவையும் கூட்டியிருந்தால் லினக்ஸுக்குள்ளும் வேலை இருக்கிறது: குரோபார்ட் கட்டளையால் பார்ட்டிஷனை நீட்டி, இஎக்ஸ்டி4 என்றால் ரீசைஸ்2எஃப்எஸ், எக்ஸ்எஃப்எஸ் என்றால் எக்ஸ்எஃப்எஸ்_குரோஎஃப்எஸ் கொண்டு கோப்பு முறைமையை விரிக்க வேண்டும். கூட்டிய கொள்ளளவைக் குறைக்க வழியில்லை. வேகத்துக்காகவே முன்பு பெரிதாக வாங்கிய டிஸ்கைச் சிறிதாக்க விரும்பினால், சிறிய புதிய டிஸ்கை இணைத்துத் தரவை நகலெடுப்பதே வழி. அந்தப் புதிய டிஸ்கை ஸ்னாப்ஷாட்டிலிருந்து உருவாக்க முடியாது, ஏனெனில் ஸ்னாப்ஷாட்டைவிடச் சிறிய டிஸ்க் அமையாது.

கடைசியாக, டெர்ராஃபார்ம் (கிளவுட் அமைப்புகளைக் கோப்பில் எழுதி உருவாக்கும் கருவி) கோப்புகளிலும், புதிய சர்வர்களுக்கான அச்சுகளாகிய லாஞ்ச் டெம்ப்ளேட்டுகளிலும், குபர்நெட்டீஸ் (கன்டெய்னர்களை நிர்வகிக்கும் மென்பொருள்) பயன்படுத்துவோர் டிஸ்க் வகையைக் குறிக்கும் ஸ்டோரேஜ் கிளாஸிலும் வகையை ஜிபி3 என்று திருத்த வேண்டும். டெர்ராஃபார்மில் ஜிபி2 என்றே எழுதியிருந்தால், அடுத்த முறை அதை ஓட்டும்போது டிஸ்கைப் பழைய வகைக்கே திருப்ப முயலும்; டெம்ப்ளேட்டில் விட்டுவிட்டால், புதிதாக எழும்பும் ஒவ்வொரு சர்வரும் ஜிபி2 டிஸ்கோடுதான் வரும்.